பெயர் தாங்கும் அட்டை

பள்ளி ஆண்டுவிழா, பொங்கல் விழா போன்ற நிகழ்ச்சிகளில், மேடை மேசைமீது விருந்தினர் ஒவ்வொருவருக்கும் முன்னே மடித்த அட்டை ஒன்று நிற்பதைக் காணலாம். அது இருக்கைப் பெயரட்டை எனப்படும். விருந்தினர் தமக்குரிய இடத்தை அறியவும், எதிரே அமர்ந்திருப்போர் அவர் யார் என அறியவும் அது பயன்படுகிறது. எனவே அதன் இரு முகங்களிலும் பெயர் இருத்தல் வேண்டும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளியர், நிக்கோபாரியர் எனப் பலரும் ஓரவையில் அமர்கின்றனர். தமிழில் ஒரே எழுத்து இடத்திற்கேற்பப் பல ஒலிகளைத் தரும். ‘தாஸ்’, ‘பானர்ஜி’ ஆகிய வங்கப் பெயர்களின் முதலெழுத்தை எவ்வாறு ஒலிப்பது என்பது, அப்பெயர்களை முன்பே கேட்டிராத தமிழ்ச் சிறுவனுக்கு எழுத்தைக்கொண்டு மட்டும் விளங்காது. ஆதலால் அவைக்குத் தெரியும் முகத்தில் தமிழிலும், விருந்தினரை நோக்கிய முகத்தில் அவர் படிக்கவல்ல எழுத்திலும் அச்சிடுவது நன்று. நிக்கோபாரி மொழி ரோமன் எழுத்திலேயே எழுதப்படுவதால், அம்மொழியினருக்கு அவ்வெழுத்தே ஏற்றது.

தமிழ்ப் பெயரிலும் கவனம் வேண்டும். தமிழர் பலர் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதில்லை. தந்தையின் பெயரது முதலெழுத்தையே முன்னெழுத்தாக இடுவர். செல்வத்தின் மகள் நிலா, ‘செ. நிலா’ ஆவாள். முன்னெழுத்தை விரித்து ‘நிலா செல்வம்’ என அச்சிட்டால், அறியாதவர் அவளைச் ‘செல்வம்’ என்றே அழைக்கக்கூடும். மேடையில் தன் பெயருக்காகக் காத்திருக்கும் சிறுமிக்கு அது சிறு பிழையன்று. ‘எஸ். நிலா’ என்பதும் பொருந்தாது. அது ஆங்கில எழுத்தின் ஒலியே. முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டது.

அடுத்தது எழுத்தின் அளவு. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் நூல்களை அச்சிட்டபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. தாளோ அரிய பொருள். ஆகவே சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி நிறைவுற்றது. அங்கே அளவைத் தாள் முடிவுசெய்தது. பெயரட்டையில் தொலைவில் இருப்பவரின் கண் முடிவுசெய்கிறது. பட்டியலில் மிக நீண்ட பெயரை முதலில் அமைத்து, அட்டையில் அடங்கும் அளவையே அனைவருக்கும் வைக்கவேண்டும். இல்லையேல் நீண்ட பெயருடைய தலைமை விருந்தினரின் அட்டையில் மட்டும் எழுத்து சிறுத்துவிடும்.

ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் உடையது. அதனை அகலத்தில் இரண்டாகவும் உயரத்தில் மூன்றாகவும் பகுத்தால், 105 மி.மீ. அகலமும் 99 மி.மீ. உயரமும் உள்ள ஆறு அட்டைகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் நடுவில் மடிக்கப்படும். மடிப்புக்கோட்டிற்கு மேலுள்ள பெயரைத் தலைகீழாக அமைத்தல் வேண்டும்; அப்போதுதான் மடித்தபின் இரு முகங்களிலும் பெயர் நேராக நிற்கும். இதனை மறப்போர் பலர். மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒருமுறை அழுத்திக் கோடிட்டால் மடிப்பு சீராக அமையும். வழக்கமான 70, 80 கிராம் தாள் நிற்காமல் சாயும். சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவிலான தடித்த தாளே ஏற்றது.

அச்சகத்திற்குக் கோப்பை எடுத்துச் செல்வோர் ஒருங்குறி எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் வடிவில் சேமித்தல் நன்று. ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருவில் அமைத்த பெயர், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். சில மென்பொருள்களில் ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதும் உண்டு. ஆகையால் முதலில் ஒரு தாளை மட்டும் அச்சிட்டு, தமிழ் அறிந்த ஒருவர் அதனைப் படித்துப் பார்க்கவேண்டும்.

அந்தமானில் மே முதல் திசம்பர் வரை மழை நீளும். மைத்தாரை அச்சில் ஈரம் பட்டால் எழுத்து கரையக்கூடும். லேசர் அச்சு அவ்வாறு கரைவதில்லை. மடித்த அட்டைகளை நிகழ்ச்சி நாள் காலைவரை மூடிய நெகிழிப் பைக்குள் வைத்திருப்பர்.

செயல்பாடு

1. வகுப்பு மாணவர் அனைவரின் பெயர்களையும் தமிழ் முன்னெழுத்துடன் எழுதுக. அவற்றுள் மிக நீண்ட பெயர் எது?
2. வேற்றுமொழி பேசும் நண்பர் ஒருவரிடம் அவர் பெயரின் சரியான ஒலிப்பைக் கேட்டறிந்து, இரு எழுத்துமுறைகளில் அவருக்கு ஒரு பெயரட்டை அமைக்க.