நிலையும் வலிமையும்

உடலைத் தாங்கி நிற்பவை கால்கள். நிற்றலும் நடத்தலும், ஏறுதலும் இறங்குதலும், பாரம் சுமத்தலும் கால்களின் வலிமையாலேயே நிகழ்கின்றன. மனித உடலில் மிக நீண்ட எலும்பு தொடையெலும்பு. மிகப் பெரிய தசை பிட்டத் தசை. ஆதலின் கால்களுக்குப் பயிற்சி அளித்தல் உடல் முழுமைக்கும் உரம் ஊட்டுவதாகும். ஆயினும், வலிமையை மட்டும் விரும்பி நிலையை மறப்போர் பலர். சமநிலையும் திருந்திய நிலையும் இல்லாத வலிமை, கடைக்கால் இடாமல் எழுப்பிய சுவரை ஒக்கும்.

இவ்வுண்மையைப் புதுக்கோட்டை மாவட்டத்தின் கலைச் செல்வங்கள் நமக்கு உணர்த்துகின்றன. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் தூண்களில் ஆடல் மகளிர் இருவரின் ஓவியங்களைக் காணலாம். அவை கி.பி. 9-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. அவருள் ஒருத்தி, ஒரு கையை உடலின் குறுக்கே வீசி நீட்டி, இடை ஒசிய ஆடுகின்றாள். உடல் வளைந்திருப்பினும் அவள் தடுமாறுவாள் என்னும் எண்ணம் காண்போர்க்குத் தோன்றுவதில்லை.

அம்மாவட்டத்திலேயே உள்ள விராலிமலை, பின்னாளில் பரதநாட்டியம் எனப் பெயர் பெற்ற சதிராட்டத்தைப் பேணி வளர்த்த ஊராகும். அவ்வூர் முத்துக்கண்ணம்மாள் இளமையில் நாள்தோறும் மலைப்படிகளேறி, முருகன் கோயிலில் பாடியும் ஆடியும் தொண்டு செய்தவர். முதுமையிலும் அக்கலையைப் பிறர்க்குக் கற்பித்தவர். 2022-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

ஆடல் பயில்வோர் முதலில் கற்பது அரைமண்டி. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து, முதுகை நிமிர்த்தி, பாதி அமர்ந்தாற்போல் நிற்பதே அந்நிலை. பாதங்கள் நோக்கும் திசையையே முழங்கால்களும் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நின்று பாதத்தைத் தட்டுவது தட்டடவு. அதனை முதற்காலத்தில் மெதுவாகப் பழகுவர். நிலை கலையாதபோதே இரண்டாங்காலத்திற்கும் மூன்றாங்காலத்திற்கும் செல்வர். முதலில் நிலை, பிறகு விரைவு என்பது ஆடற்கலையின் முறை. முதலில் நிலை, பிறகு சுமை என்பது உடற்பயிற்சியின் முறை.

சமநிலை என்பது யாது? உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக இறங்கும் கோடு, பாதங்கள் சூழ்ந்த இடத்திற்குள் விழுமாயின் உடல் நிலைத்து நிற்கும். வெளியே விழுமாயின் சாயும். இதனை மூளைக்கு அறிவிப்போர் மூவர்: கண், உட்செவி, தசையிலும் மூட்டிலும் உள்ளங்காலிலும் உள்ள நரம்புகள். ஒற்றைக்காலில் நின்று கண்களை மூடிப் பாருங்கள். உடல் உடனே ஆடத் தொடங்கும். மூவருள் ஒருவர் ஓய்ந்ததே அதற்குக் காரணம். ஏனைய இருவரையும் பயிற்சியால் கூர்மையாக்கலாம்.

கால் பயிற்சிகளுள் எளியது உட்கார்ந்து எழுதல். தோப்புக்கரணமும், உடற்பயிற்சிக் கூடங்களில் பஸ்கி என வழங்குவதும் இவ்வினத்தனவே. பாதங்களைத் தோளகலத்திற்கு விரித்து, விரல்களைச் சற்றே வெளிப்புறம் திருப்பி நில்லுங்கள். குதிகால், பெருவிரலின் அடி, சிறுவிரலின் அடி ஆகிய மூன்றிடங்களும் தரையில் அழுந்துக. பார்வை எதிரேயுள்ள ஒரு பொருளில் நிலைக்கட்டும். மணைப்பலகையில் அமர்வதுபோல இடுப்பைப் பின்னே செலுத்தி மெதுவாக இறங்குக. முதுகு கூனலாகாது, குதிகால் எழலாகாது, முழங்கால்கள் உட்புறம் மடங்கலாகாது. இறங்கும்போது மூச்சை உள்ளிழுத்து, எழும்போது வெளிவிடுக. நிலை கெடாமல் எவ்வளவு இறங்க இயலுமோ அவ்வளவே அன்றைய எல்லை. திருந்தச் செய்த பத்து, திருந்தாமல் செய்த ஐம்பதினும் மேலானது.

இது கைவந்த பின் ஒற்றைக்காலில் நிற்கப் பழகலாம். அப்போது இடுப்பின் பக்கத் தசைகள் இடுப்பு ஒருபுறம் சரியாதவாறு காக்கின்றன. தொடக்கத்தில் சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொள்வது இழுக்கன்று. ஒரு காலை முன்வைத்து இறங்குதல், படியேறுதல் ஆகியவற்றை அடுத்துப் பழகுக. சுமையை இறுதியிலேயே, அதுவும் சிறிது சிறிதாகவே, கூட்டுதல் வேண்டும். மூட்டில் வலி தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். வலியைப் பொறுப்பது வீரமன்று.

இப்பயிற்சி விளையாட்டு வீரர்க்கே உரியது என எண்ணற்க. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுந்து உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவருள் முதியோரே மிகுதி. சமநிலைப் பயிற்சியும் கால் வலிமைப் பயிற்சியும் செய்யும் முதியோர் விழுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆகவே மாணவர்களே, இளமையிலேயே நிலையைத் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் இல்லத்துப் பெரியோரும் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து அமரப் பழகுமாறு அருகிருந்து துணை செய்யுங்கள். அவர்கள் ஊன்றும் அடி உறுதி பெறுமாயின் நீங்கள் கற்ற பாடம் பயன் பெற்றதாகும்.