மரமேறும் கூலியும் பழைய வடமும்

தென்னந்தோப்பு உடையவர்களும், வீட்டுக் கொல்லையில் நாலு தென்னை நிற்பவர்களும் மரமேற ஆள் தேடி அலைவது இப்போது வழக்கமாகிவிட்டது. நெட்டைத் தென்னை அறுபது, எண்பது அடி உயரும். சுமார் 45 நாளுக்கு ஒருமுறை அதில் ஏறிக் காய் இறக்கியாக வேண்டும். காலில் தளை மாட்டி ஏறிய தலைமுறை குறைந்துபோகவே, கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் உருவான மிதி இயந்திரம் எங்கும் பரவிற்று. 2011ஆம் ஆண்டில் தென்னை வளர்ச்சி வாரியம் அதில் இளைஞர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கத் தொடங்கியது.

இத்தொழிலில் இரண்டு காரியங்கள் மலிந்து காணப்படுகின்றன. ஒருவர் பேசி முடித்த கூலியைக் குறைத்து இன்னொருவர் வேலையைப் பறிப்பது ஒன்று. தேய்ந்த கருவியைச் சாயம் பூசி விற்பது மற்றொன்று. இவை வெவ்வேறு போலத் தோன்றினாலும் ஒன்றிலிருந்துதான் மற்றது பிறக்கிறது. மரத்திற்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் அதிலிருந்தே வயிற்றுப்பாட்டையும் பார்த்து, வடத்தையும் இடுப்புப் பட்டையையும் மாற்ற வேண்டும். கூலி குறையும்போது அடுப்பு எரிவதை நிறுத்த முடியாது. பட்டை மாற்றுவதைத்தான் நிறுத்துவார்.

முதலில் கூலியைப் பார்ப்போம். குறைந்த கூலிக்கு வேலை செய்வது அதனளவில் ஹராம் அல்ல. மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயிக்கும்படி கேட்கப்பட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். பேரம் நடந்துகொண்டிருக்கும்வரை யாரும் தம் கூலியைச் சொல்லலாம். ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கூலி முடிவான பிறகு, “அவரை விடுங்கள், நான் இருபது ரூபாய் குறைத்து ஏறுகிறேன்” என்று இடையில் புகுவது கூடாது. சகோதரன் செய்யும் வியாபாரத்தின் மீது வியாபாரம் செய்வதை நபிமொழி தடுத்திருக்கிறது. இதில் வீட்டுக்காரருக்கும் பங்குண்டு. முதலாமவருக்குக் கொடுத்த வாக்கை முறிப்பவர் அவரல்லவா?

உமர் (ரலி) அவர்களின் ஒரு செய்தி இங்கே கவனிக்கத்தக்கது. ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் கடைவீதியில் உலர்ந்த திராட்சையை மலிவாக விற்கக் கண்டு, ஒன்று விலையைக் கூட்டுங்கள், அல்லது கடைவீதியை விட்டு எடுத்துச் செல்லுங்கள் என்று சொன்னதாக இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். இதை மட்டும் படித்துவிட்டு, மலிவாக விற்பவரை விரட்டலாம் என்று சிலர் வாதிப்பதுண்டு. இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பில் எஞ்சிய பகுதி இருக்கிறது. உமர் (ரலி) பிறகு யோசித்து, ஹாதிபின் வீட்டுக்கே சென்று, நான் சொன்னது கட்டளையல்ல, ஊராரின் நன்மை கருதிச் சொன்னது, விரும்பியபடி விற்கலாம் என்று தெரிவித்தார்கள். ஆகவே குறைந்த கூலிக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே முறை.

அது கருவியிலிருந்து வருமானால் விஷயம் வேறு. இரும்பு வடத்தின் மேல் ரப்பர் உறை இருக்கும். உள்ளே இழைகள் துருவேறி அறுந்திருப்பது வெளியே தெரியாது. நைலான் பட்டையும் கயிறும் வெயிலில் வலுவிழக்கும். மின்கல அமிலம் பட்டால் கண்ணுக்குப் புலப்படாமலே நைந்துபோகும். ஒருமுறை கனமான விழுகையைத் தாங்கிய பட்டையை மறுபடி உபயோகிக்கலாகாது. உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்றே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எழுதியிருப்பார்கள்.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரம் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், மழையில் நனைந்தது என்ற வியாபாரியிடம், ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கண்டித்தார்கள். அங்கே மறைக்கப்பட்டது தானியத்தின் ஈரம். ரப்பர் உறைக்குள் மறைவதோ எண்பது அடி உயரத்தில் ஒரு மனிதரின் உயிர்.

“பாய், இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எனக்குப் பொறுப்பில்லை” என்று சொல்லி விற்றால் தப்பிக்கலாமா? ஷாஃபியீ மத்ஹபில் இப்படிப் பொறுப்பை உதறும் நிபந்தனை, கால்நடை போன்ற உயிருள்ளவற்றில் விற்பவர் அறியாத உட்குறைக்கு மட்டுமே செல்லும். கயிற்றுக்கும் இரும்புக்கும் செல்லாது. ஹனஃபீ மத்ஹபில் நிபந்தனை செல்லும் என்றாலும், அறிந்த ஐபை மறைத்த பாவம் அங்கும் நீங்காது. கருவி எத்தனை ஆண்டு பழையது, யாரிடம் இருந்தது என்பது விற்பவருக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்பதையே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வாங்குபவரும் அசட்டையாக இருக்கலாகாது. குறை கண்டவுடன் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஷாஃபியீ மத்ஹபில் உடனடியானது. கண்ட பின்னும் நாலு மரம் ஏறிவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஆதலால் வாங்கிய அன்றே உறையை விலக்கி, வடத்தை விரலளவு விரலளவாகப் பார்க்க வேண்டும்.

வீட்டில் கிடக்கும் பழைய கருவியை மரமேற வருபவருக்கு இரவல் கொடுப்போரும் அதன் குறையைச் சொல்லியே கொடுக்க வேண்டும். உதவாதென்று தெரிந்ததைக் கொடுக்கவே கூடாது. அத்தகைய பட்டையையும் வடத்தையும் துண்டு துண்டாக நறுக்கி, இரும்பை மட்டும் எடைக்குப் போடலாம். முழுசாகப் போட்டால் பழைய சாமான் கடையிலிருந்து அது மறுபடி யாரோ ஒருவரின் இடுப்புக்கு வந்துவிடும்.