இகழ்ச்சியை அளக்கும் கோல்

2022-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லில் அரசினர் வைத்தியக் கலாசாலை திறக்கப்பெற்றது. அங்குப் பயிலும் மாணவர்தம் அறிவைப் பரீட்சைகள் அளக்கும். மனநோயுற்றாரை அவர்கள் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதை அளப்பது எது?

இவ்விகழ்ச்சி நம் பேச்சிலேயே ஊறியது. 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த மனநோய் வைத்தியசாலை எத்துணையோ பேரைத் தேற்றி வீடு சேர்த்துள்ளது; எனினும் அவ்வூர்ப் பெயரே இன்றும் ஏச்சாக வழங்குகின்றது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் விடுதியொன்று தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி, மனநோயாளர் 28 பேர் மாண்டனர்.

வைத்தியரிடத்து இவ்விகழ்ச்சி சங்கிலியாகத் தோன்றுவதன்று. மனநோயாளர் ஒருவர் மார்பு நோகின்றது என்பார்; அதுவும் சித்தத்தின் கோளாறே என்று வைத்தியர் தள்ளிவிடுவார். இருதய நோய் முற்றும். கடிய மனநோயுற்றார் ஏனையோரினும் பல்லாண்டு முன்னரே இறக்கின்றனர். அவருட் பெரும்பாலோர் உடல்நோயாலேயே மாய்கின்றனர். ஆதலின் மாணவப் பருவத்திலேயே இதனைக் கண்டறிதல் வேண்டும்.

அமெரிக்க அறிஞர் பொகார்டஸ் என்பார் 1925-இல் ஒரு கோல் வகுத்தார். அவர் அளந்தது இன வேற்றுமையை. பின்வந்தோர் அதனை மனநோய்க்கும் ஆக்கினர். அதன் போக்கை நம்மூர் வழக்கிற் கூறுவோம். மனநோயினின்று தேறிய ஒருவர், கொடைரோட்டினின்று மதுரை செல்லும் புகைவண்டியில் உம் அருகே அமரலாமா? அடுத்த வீட்டிற் குடியிருக்கலாமா? உம் கடையில் கணக்கெழுதலாமா? உம் தங்கையை மணக்கலாமா? வண்டியில் இடந்தருவோர் பலர். மணவினையென்றவுடன் வாய் அடைத்துப்போம். எப்படியில் கால் தயங்குகின்றதோ, அதுவே அளவு.

வைத்திய மாணவர்க்கென்றே 2010-இல் இலண்டனில் ஒரு வினாத்தாள் வெளிவந்தது. மைக்கா என்பது அதன் சுருக்கப் பெயர். கூற்றுகள் 16, ஒவ்வொன்றிற்கும் 1 முதல் 6 வரை எண். கூட்டுத்தொகை 16-க்கும் 96-க்கும் இடையில் நிற்கும்; எண் மிகுந்தால் இகழ்ச்சி மிகுதி. மனநோயாளரின் உடல்நோயைக் கவனித்தல், தமக்கே அந்நோய் வந்தால் உடன் பயில்வோரிடம் சொல்லுதல் ஆகியவற்றையும் அது தொடுகின்றது. இப்பின்னது கூரிய வினா. சோர்வுற்று உறக்கமின்றித் தவிக்கும் மாணவர், தம் நோயையே மறைப்பாராயின் பிறர் நோயை எங்ஙனம் பரிவுடன் கேட்பார்?

இத்தகைய தாள்களை முற்றும் நம்புதல் தகாது. கெட்டிக்கார மாணவர்க்கு எவ்விடை நல்விடை என்பது தெரியும். பெயரின்றி எழுதுவித்தால் உண்மை சற்று வெளிப்படும். படி வினாக்களையும் நம்மவர்க்கேற்ப வகுத்தல் வேண்டும். குடும்பத்தில் எவர்க்கேனும் மனநோய் உண்டென்றால் தங்கைமார் மணமும் தடைப்படும் நாட்டில், வினா தனியொருவரோடு நிற்பதன்று.

சொற்பொழிவு மட்டும் கேட்ட மாணவரினும், தேறினோரை நேரிற் கண்டு உரையாடிய மாணவரிடம் மாற்றம் மிகுதி. வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கலாசாலை 1957-இல் தொடங்கிய மனநல நிலையத்தில் நோயாளருடன் உறவினரும் தங்குவர். அங்கு மாணவர் காண்பது நோயை மட்டுமன்று. தாயை, கணவனை, பிள்ளையை. ஆயினும் திங்கள் சில கழித்து மீண்டும் அளந்தால் அம்மாற்றம் தேய்ந்திருத்தலும் உண்டு. ஆகவே வகுப்பு முடிந்த அன்றே தாளை நிரப்பி வாங்கிக்கொண்டு மனநிறைவடைதல் போதாது. அம்மாணவர் வைத்தியரான பின்னர், மார்பு நோகின்றதென்ற மனநோயாளர்க்கு இருதயப் பரிசோதனை செய்தனரா என்று வைத்தியசாலை ஏட்டைப் புரட்டி எண்ணுதல் வேண்டும்.