ஒராங்குட்டானின் அறிவும் மனிதனின் அறிவும்

பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் மலைப்பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் மறையூர், சின்னாறு பகுதிகளிலும் வாழ்வோர்க்குக் குரங்குகள் புதியன அல்ல. சாலையோரங்களில் நாட்டுக் குரங்கும், சோலைகளில் கருமந்தியும், அடர்ந்த மழைக்காடுகளில் சிங்கவால் குரங்கும் இம்மலைத்தொடரில் வாழ்கின்றன. பையின் வாயைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுக்கும் குரங்கைக் கண்ட மாணவன், “குரங்குக்கும் மனிதனைப் போல் அறிவு உண்டா?” என்று ஆசிரியரை வினவுவது இயல்பே. இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், மனிதனுக்கு நெருங்கிய உறவுடைய வாலில்லாக் குரங்கினத்தை முதலில் நோக்குதல் நலம்.

உறவு முறை

வாலில்லாக் குரங்குகளுள் ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனபோ ஆகியவை பேரினங்கள். இவற்றுள் ஆசியாவில் வாழ்வது ஒராங்குட்டான் ஒன்றே. போர்னியோ, சுமாத்ரா ஆகிய தீவுகளின் காடுகளே அதன் உறைவிடம். மலாய் மொழியில் இப்பெயருக்குக் ‘காட்டு மனிதன்’ என்பது பொருள். இந்தியக் காடுகளில் ஒராங்குட்டான் இல்லை. வடகிழக்கு மாநிலங்களில் வாழும் ஹூலக் கிப்பன் என்னும் சிற்றினமே இந்நாட்டின் வாலில்லாக் குரங்கு ஆகும்.

ஒராங்குட்டானின் மரபும் மனிதனின் மரபும் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்துவிட்டன. நம் மலைகளில் உள்ள வாலுடைய குரங்குகளின் மரபு அதற்கும் நெடுங்காலம் முன்பே பிரிந்தது. ஆதலின் மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று கூறுவது பிழை. இருவர்க்கும் பொதுவான முன்னோர் இருந்தனர் என்பதே சரி. ஒராங்குட்டானின் மூளை ஏறத்தாழ 400 கனசென்டிமீட்டர் கொள்ளளவும், மனிதனின் மூளை ஏறத்தாழ 1,350 கனசென்டிமீட்டர் கொள்ளளவும் உடையவை. எனினும் மூளையின் அளவு ஒன்றை மட்டும் கொண்டு அறிவை அளந்துவிட இயலாது.

கருவியும் முன்னறிவும்

சுமாத்ராவில் சுவாக் பலிம்பிங் என்னும் சதுப்புக் காட்டில் நீசியா என்ற மரம் உண்டு. அதன் கனியினுள் கொழுப்புச் சத்து மிகுந்த விதைகளைச் சூழ்ந்து, தோலில் குத்தும் நுண்முட்கள் நிறைந்துள்ளன. அங்குள்ள ஒராங்குட்டான்கள் குச்சியைப் பட்டை நீக்கிச் சீர்செய்து, அதனை வாயிற் பற்றி, கனியின் வெடிப்பினுள் செலுத்தி, முட்களை விலக்கி விதைகளை எடுக்கின்றன. போர்னியோவின் குனுங் பாலுங் காட்டிலும் இம்மரவகை உண்டு. ஆனால் அங்குள்ள ஒராங்குட்டான்களிடம் இவ்வழக்கம் காணப்படவில்லை. எனவே இது பிறவியிலேயே அமைந்த செயல் அன்று; ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்று, ஓரிடத்து வழக்கமாக நிலைபெற்றது என்று ஆய்வாளர் முடிவு செய்தனர்.

பின்னர் நேரப்போவதை எண்ணிச் செயற்படும் ஆற்றலும் இதற்கு உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடைபெற்று 2006இல் வெளியான ஆய்வில், ஒராங்குட்டான்களும் போனபோக்களும் அப்பொழுது பயன்படாத கருவியை எடுத்துச் சென்று வைத்திருந்து, பல மணி நேரம் கழித்து அதனைக் கொண்டுவந்து உணவு பெற்றன. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், சில ஒராங்குட்டான்கள் நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்து, குழாயின் அடியில் இருந்த உணவுக் கூடையைத் தூக்கி எடுத்தன. மனிதக் குழந்தைகளுள் ஐந்து வயதுக்கு உட்பட்டோர் பெரும்பாலோர்க்கு இச்செயல் கைகூடுவதில்லை. அமெரிக்காவில் வளர்க்கப்பட்ட சாண்டெக் என்னும் ஒராங்குட்டான், செவிப்புலன் இழந்தோர் கையாளும் சைகைகளுள் ஏறத்தாழ 150ஐக் கற்றது.

வேறுபாடு எங்கே உள்ளது?

இங்ஙனமாயின் மனிதனின் தனிச் சிறப்பு யாது? இதனை ஆராய 2007இல் ஒரு பெரும் ஒப்பாய்வு வெளியாயிற்று. ஏறத்தாழ இரண்டரை வயதுள்ள 105 குழந்தைகள், 106 சிம்பன்சிகள், 32 ஒராங்குட்டான்கள் ஆகிய மூன்று கூட்டத்தார்க்கும் ஒரே வகைச் சோதனைகள் கொடுக்கப்பட்டன. மறைத்த பொருளைக் கண்டறிதல், அளவின் மிகுதி குறைவு உணர்தல், கருவியைக் கையாளுதல் போன்றவை முதற்பகுதி. இதில் குழந்தைகளும் சிம்பன்சிகளும் ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றனர். ஒராங்குட்டான்கள் சற்றே பின்தங்கின. பிறர் செய்து காட்டியதைப் பார்த்துக் கற்றல், பிறர் குறிப்பை உணர்தல் போன்றவை இரண்டாம் பகுதி. இதில் குழந்தைகள் மற்ற இரு இனத்தையும் விட ஏறத்தாழ இரு மடங்கு தேர்ச்சி காட்டினர்.

இதனால் விளங்குவது ஒன்று. அறிவு என்பது ஒரே ஏணியின் படிகள் அன்று. பொருள்களைப் பற்றிய அறிவில் சிறு குழந்தையும் வாலில்லாக் குரங்கும் அருகருகே நிற்கின்றன. பிறரிடமிருந்து கற்பதிலும், பிறர்க்குக் கற்பிப்பதிலும் மனிதன் தொலைவில் முன்னேறிச் செல்கின்றான். ஒராங்குட்டான் குட்டி பல ஆண்டுகள் தாயுடன் இருந்து, தாய் உண்பதை உற்று நோக்கிக் கற்கின்றது. எனினும் தாய் அதனை முயன்று பயிற்றுவிப்பது அரிது. மனிதனோ மொழியாலும் எழுத்தாலும் தான் கண்டதைச் சேமித்து, அடுத்த தலைமுறையின் கையில் கொடுக்கின்றான். பள்ளிக்கூடம் என்பது இவ்வாற்றலின் மிகத் தெளிந்த வடிவம்.

நம் மலைகளின் குரங்குகள்

வாலுடைய குரங்குகள் இத்துறையில் ஒராங்குட்டானுக்கு நிகரல்ல. ஆயினும் அவற்றின் அறிவை எளிதாகக் கருதுதல் ஆகாது. மயிருடைய புழுக்களை இலையால் தேய்த்து, அரிப்பூட்டும் மயிரை நீக்கி உண்ணும் சிங்கவால் குரங்குகளைப் பற்றிய குறிப்பு 1988இல் வெளியாயிற்று. நீசியாவின் முள்ளைக் குச்சியால் விலக்கும் ஒராங்குட்டானின் செயலோடு இஃது ஒப்பிடத்தக்கது. தென்னிந்திய நாட்டுக் குரங்குகள், மந்திகளும் கடமான்களும் எழுப்பும் எச்சரிக்கை ஒலியைக் கேட்டுத் தாமும் தப்பியோடுகின்றன என்பது 2000இல் வெளியான ஆய்வின் முடிவு.

கர்நாடகத்தின் பந்திப்பூரில் நாட்டுக் குரங்குகளை ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட முடிவு, களப்பணியாளர்க்கு மிகவும் பயன்படுவது. அக்குரங்குகள் உணவு வைத்திருக்கும் மனிதனின் கவனத்தைத் தேடி, ஒலி எழுப்பியும் கை நீட்டியும் உணவு கேட்கின்றன, பெற்றவுடன் நிறுத்திவிடுகின்றன. காட்டில் இத்தகைய செயலுக்கு இடமில்லை. மனிதனோடு பழகியதால் அவை கற்றுக்கொண்ட பாடம் இது. கற்பித்தவன் மனிதனே, அவன் கற்பிக்க எண்ணவில்லை என்பதே வேறுபாடு.

இப்பாடத்தின் விலை சிறிதன்று. பாலக்காட்டு எல்லைக்கு அருகிலுள்ள வால்பாறையில், புதுத்தோட்டம் சோலைத் துண்டில் வாழும் சிங்கவால் குரங்குகள் மரம் விட்டுத் தரையிறங்கிச் சாலையிலும் குடியிருப்புகளிலும் திரிகின்றன. வாகனங்களில் அடிபட்டு இறந்தவையும் உண்டு. மரக்கிளைகள் இணைந்திராத இடங்களில் சாலைக்கு மேலே பாலங்கள் கட்டி அவற்றைக் காக்க முயற்சி நடைபெறுகின்றது. இவ்வினத்தின் தாய் ஒரு குட்டியை ஈன்றபின் அடுத்ததை ஈன ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் இயற்கையில் வாழாத இவ்வினத்திற்கு ஓர் உயிரின் இழப்பும் பேரிழப்பே.

செயல்முறைப் பாடம்

களப்பணியாளர், குரங்குக்கு உணவிடலாகாது என்று தடுப்பதோடு அமையாமல், காரணத்தையும் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். “ஒரு குரங்குக்குக் கொடுத்த பழம், பார்த்திருக்கும் குட்டிகளுக்குப் பாடமாகும்” என்னும் விளக்கத்தைத் தோட்டத் தொழிலாளரும் சுற்றுலா வருவோரும் எளிதில் உணர்வர். குப்பைத் தொட்டிகளை மூடி வைத்தலும், மலைச்சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டுதலும் இதனுடன் சேரும்.

ஆசிரியர், மாணவரைச் சிறு குழுக்களாகப் பிரித்து, தொலைவில் நின்று, உணவு கொடாமல், குரங்குக் கூட்டம் ஒன்றை அரை மணி நேரம் நோக்கச் செய்யலாம். குட்டி யாரைப் பார்க்கின்றது, தாய் உண்டதையே உண்கின்றதா, எவ்வொலிக்கு எல்லாம் தலை நிமிர்கின்றன என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதச் செய்தல் நன்று. “குரங்குக்கு அறிவு உண்டா?” என்ற வினாவை விடுத்து, “குரங்கு எதனை, யாரிடமிருந்து, எங்ஙனம் கற்கின்றது?” என்று வினவ மாணவன் தொடங்குவானாயின் இப்பாடம் பயன்பட்டதாகும்.