சிங்காரக்கொட்டை: விதைக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

மண்ணரையில் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து பனியன் கம்பெனியில் ஒரு பீகார் தம்பி வேலை பார்க்கிறார். இரண்டு வருஷம் முந்தி சத் பூஜைக்கு ஊருக்குப் போனவர், கொம்பு முளைத்த காய்கள் ஒரு பை கொண்டுவந்தார். "சிங்காடா, சார். உங்க குட்டையில போடுங்க, வரும்" என்றார். சூரியனுக்குப் படைக்கும் காய்களில் இதுவும் ஒன்று. நம் நாட்டு மருந்துக் கடையில் சிங்காரக்கொட்டை என்பார்கள்.

பயிர்க்கடன் கொடுத்தே வங்கியில் காலம் கழித்தவன் நான். இந்தப் பயிருக்கு ஒரு மனுகூட வந்ததில்லை. விதைதானே என்று வெயிலில் காயப்போட்டேன். ஒன்றும் முளைக்கவில்லை. இதன் விதை காய்ந்தால் செத்துப்போகும். மறு வருஷம் வந்ததைத் தண்ணீர் ஊற்றிய பானையில் போட்டு வைத்தேன், முளைத்தது.

இது சேற்றில் வேர் விட்டு, மேலே இலைகளை வட்டமாக விரித்து மிதக்கும் ஒருபருவக் கொடி. இலைக்காம்பு காற்று அடைத்து உப்பியிருக்கும். வெள்ளைப் பூ நீருக்கு மேலே, காய் நீருக்கு அடியில். சைனீஸ் ஓட்டலில் போடுவது வேறு. அது கோரை இனத்துக் கிழங்கு.

வடக்கே ஜூன், ஜூலையில் நாற்று நட்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பறிக்கிறார்கள். தேங்கிய நீர் வேண்டும். இரண்டு மூன்று அடி ஆழம் போதும். பிளாஸ்டிக் விரித்த குட்டையானால் அடியில் ஒரு சாண் வண்டல் போடுங்கள். இலையைச் சல்லடையாக்கும் சிறு வண்டு வரும். முட்டை உள்ள இலைகளைக் கிள்ளி எடுத்துவிடுகிறேன்.

பச்சைக்காயைப் பல்லால் உரிக்க வேண்டாம். தோலில் குடல் தட்டைப்புழுவின் கூடு ஒட்டியிருக்கலாம். வேகவைத்து உரியுங்கள். காயவைத்து அரைத்த மாவில் கோதுமைப் பசை கிடையாது; வடக்கே விரத நாளில் ரொட்டியும் அல்வாவும் இதில்தான்.

இனி முக்கியமான சங்கதி. "நொய்யல் ஓரக் குளத்துல விட்டா என்னங்க?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குக் கெட்ட ஆறு இது. தண்ணீர் தெளிந்தாலும் அடிச்சேற்றில் பழைய கழிவு தங்கும். இந்தக் கொடியோ கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்க்கும் குணமுள்ளது. ரசாயனம் போடாமல் வளர்த்தேன் என்று சொல்லி, சாயத்தை உறிஞ்சிய காயைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

மழைநீர் மட்டும் சேரும் பண்ணைக்குட்டை இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால், முதலில் தண்ணீரையும் சேற்றையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். விதை அப்புறம் வாங்கிக்கலாம்.