மைக்ரோவேவ் அடுப்பு: அறிந்து கையாளும் முறை

மல்லாங்கிணறு வட்டாரத்தில் தறியிலும் கரிசற் காட்டிலும் உழைக்கும் குடும்பங்களில் பெரியவர்கள் வேலைக்குச் சென்றபின், காலையில் சமைத்த உணவைப் பிற்பகலில் சூடாக்கி உண்பவர் பெரும்பாலும் பிள்ளைகளும் முதியோருமே. மைக்ரோவேவ் அடுப்பு உள்ள வீடுகளில் அப்பணி அவர்கள் கைக்கே வருகிறது. அதில் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் ஆபத்தில்லை என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் தவறு. இம்மாதப் பாடத்தில் அதன் இயல்பை ஆராய்வோம்.

தோற்றமும் செயலும்

1945இல் அமெரிக்காவில் ரேடார் கருவிக்கான குழாயை ஆராய்ந்த பெர்சி ஸ்பென்சர் என்பவர், தம் சட்டைப் பையிலிருந்த இனிப்பு உருகியதைக் கண்டார். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆளுயரம் இருந்தது. மேசைமேல் வைக்கும் வீட்டு அடுப்பு 1967இல் பரவத் தொடங்கிற்று.

அடுப்பினுள் உள்ள மாக்னெட்ரான் என்னும் குழாய் வினாடிக்கு ஏறத்தாழ 245 கோடி முறை அதிரும் அலைகளை உண்டாக்குகிறது. அவை உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்து வெப்பம் தருகின்றன. அலைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரையே செல்லும். அதற்கு உட்பட்ட பகுதி வெப்பம் பரவியே சூடாக வேண்டும். ஆகவே ஓரம் கொதிக்க, நடு குளிர்ந்திருப்பது உண்டு. இவ்வலைகளால் உணவு கதிரியக்கம் பெறுவதில்லை.

பாத்திரம்

எவர்சில்வர், அலுமினியம், பித்தளை ஆகியவை அலைகளைத் திருப்பிவிடும், பொறியும் பறக்கலாம். பொற்கோடு போட்ட பீங்கானும் ஆகாது. வெப்பந்தாங்கும் கண்ணாடியும், கோடற்ற பீங்கானும், இவ்வடுப்புக்கு உரியதெனக் குறிக்கப்பட்ட பிளாஸ்டிக்கும் ஏற்றவை. மெலமைன் தட்டு வேண்டா.

இட்லியைச் சூடாக்க, நீர் தெளித்து, ஈரமான தூய பருத்தித் துணியால் மூடலாம். சரிகை உலோகமாதலின் சரிகைத் துணியை வைத்தல் கூடாது. நனைந்த நூலையோ துணியையோ இதில் உலர்த்தலாகாது. ஈரம் வற்றியதும் தீப்பற்றும். விதைகளையும் உலர்த்தலாகாது; முளைக்கும் ஆற்றல் கெடும்.

பயன்பெறும் வழி

உணவைக் குவித்து வைக்காமல், நடுவில் பள்ளமாகப் பரப்புக. சிறிது இடைவெளிவிட்டு மூடுக. பாதி நேரத்தில் வெளியே எடுத்துக் கிளறுக. முடிந்தபின் இரண்டு நிமிடம் அப்படியே விட்டால் வெப்பம் உள்ளே பரவும். உணவு முழுவதும் 70 பாகை செல்சியஸ் எட்டவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆனால் நெடுநேரம் வெளியே கிடந்த சோற்றில் சில கிருமிகள் விடும் நஞ்சை மறுசூடு போக்காது. ஆதலின் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வைத்திடுக.

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை இதில் மிகுதியாகச் சூடாக்கினால் மொறுமொறுப்புப் போய்த் தோல்போல் இழுக்கும். அதற்குத் தோசைக்கல்லே ஏற்றது. 1,200 வாட் இழுக்கும் அடுப்பு ஐந்து நிமிடத்தில் பத்தில் ஒரு யூனிட் மின்சாரம் கொள்ளும். ஓரிருவர் உணவைச் சூடாக்க இது சிக்கனம். குடும்பம் முழுவதற்கும் சோறு பொங்க அன்று.

எச்சரிக்கைகள்

1. ஓட்டுடன் முட்டையையும், இறுக மூடிய பாத்திரத்தையும் வைக்கலாகாது, வெடிக்கும்.
2. வெறும் நீர் கொதிநிலை கடந்தும் அமைதியாக நிற்கும். அசைத்தவுடன் சீறிப் பொங்கிக் கையையும் முகத்தையும் சுடும். முதலிலேயே மரக்கரண்டி ஒன்றை உள்ளே இடுக. அளவுக்கு மேல் சூடாக்காதிருக்க.
3. குழந்தைப் பாலை இதில் சூடாக்கவேண்டா. புட்டி குளிர்ந்திருக்க, உள்ளே பால் சுடும்.
4. உணவின்றி அடுப்பை ஓட்டலாகாது. கதவு கோணியிருந்தாலோ சரியாக மூடாவிட்டாலோ பயன்படுத்தலாகாது.
5. எர்த் கம்பியுள்ள பவர் பிளக்கில் மட்டும் இணைக்க. பல கருவிகளுக்குப் பொதுவான நீட்டுக் கம்பி ஆகாது.
6. பழுதானால் நாமே திறக்கலாகாது. பிளக்கை எடுத்த பின்னும் உள்ளே உயிர்போக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

உள்ளே தீப்பற்றினால் கதவைத் திறவாதீர். அடுப்பை நிறுத்திப் பிளக்கை எடுத்திடுக. காற்றுப் புகாவிடில் தீ தானே அடங்கும். தீப்பெட்டியும் வெடியும் செய்யும் ஊர்களுக்கு அண்டையில் வாழும் நமக்குத் தீயின் குணத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கலந்துரையாட வினாக்கள்

1. ஓரம் சுட, நடு குளிர்ந்திருப்பது ஏன்? அதற்கு மாற்று யாது?
2. நம் வீட்டுப் பாத்திரங்களுள் எவை ஏற்றவை?
3. உள்ளே தீப்பற்றினால் முதலிற் செய்ய வேண்டுவது யாது?

அங்கத்தினர்கள் இவ்வினாக்களைத் தம் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்டு, அவர்கள் விடை சரியாகச் சொன்ன பின்னரே அடுப்பை அவர்கள் கையில் ஒப்படைப்பார்களாக.