நூல் வாங்குமுன் நாலு கேள்வி



பின்னல் வேலை பழக வேண்டும், அதில் கொஞ்சம் காசு சேர்க்க வேண்டும் என்ற ஆசை நம் தோட்டத்துப் பெண்கள் பலருக்கு உண்டு. ஆசை வந்ததும் கடைக்குப் போய், கண்ணுக்குப் பிடித்த நிறத்தில் இரண்டு உருண்டை நூல் வாங்கி வந்து ஆரம்பித்து விடுகிறோம். சட்டை பாதியில் நிற்கும்போது நூல் தீர்ந்து விடும். திரும்பிப் போனால் அதே நிறம் கிடைக்காது. போட்ட காசும் போச்சு, பட்ட பாடும் போச்சு. ஆகவே ஊசியைப் பிடிக்குமுன் நூலைப் படிப்போம். இதுதான் இந்தப் பாடம்.

நூல் தெரிந்த ஊர்

நூலைப் பற்றிக் கற்க வேண்டுமென்றால் நூலோடு பிழைக்கிறவர்களிடம் போக வேண்டும். பசறை, மொனறாகலைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அம்பாறைக் கரை எட்டாத தூரமல்ல. சியம்பலாண்டுவ, பொத்துவில் வழியாகப் போனால் அக்கரைப்பற்று. அதை அடுத்து அட்டாளைச்சேனை. இந்தக் கரையோர முஸ்லிம் ஊர்களில் பெண்கள் பன்புல்லில் பாய் இழைப்பது பழைய கைத்தொழில். அதே பாதையில் வடக்கே போய்க் கல்முனையைத் தாண்டினால் மருதமுனை. கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் பெயர் போன ஊர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அடித்தபோது அங்கே பல உயிர்களோடு தறிகளும் போயின. ஆனாலும் அந்த மக்கள் தொழிலைக் கைவிடவில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் தறி போட இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டு பின்னல் ஊசியும் ஒரு குரோஷே ஊசியும் தலையணைக்குக் கீழே கிடக்கும். தறிக்காரர் நூலைப் பார்க்கிற பார்வையை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால் போதும். தூரம் போக முடியாதவர்கள் பக்கத்து டவுன் நூல் கடையிலேயே இதைச் செய்யலாம். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி 1: இது என்ன நூல்?

பஞ்சு நூலா, ஆட்டு ரோமக் கம்பளியா, இரசாயன நூலா? கடைகளில் "ஊல்" என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற இரசாயன நூல். ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நெருப்பில் காட்டிப் பாருங்கள். பஞ்சு நூல் காகிதம் போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி, தலைமயிர் கருகும் வாடையோடு எரிந்து தானே அணையும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகும். அக்ரிலிக் கழுவ இலேசு, குளிருக்கும் நல்லது. ஆனால் உருகினால் தோலில் ஒட்டும். அந்த உடுப்போடு பிள்ளையை அடுப்பங்கரையில் விடக்கூடாது.

கேள்வி 2: எத்தனையாம் நம்பர்?

கடையில் பேச்சு இப்படிப் போகும் என்று வைத்துக்கொள்வோம்.

"நானா, இது என்ன நம்பர்?"

"நாப்பதாம் நம்பர் மகள், ரெண்டு இழை."

"நம்பர் கூடினா தடிப்பும் கூடுமா?"

"இல்ல மகள். நம்பர் கூடக்கூட நூல் மெலிசு."

ஏன் அப்படி? பஞ்சு நூலில் 840 யார் நீளம் ஒரு சிட்டம். ஓர் இறாத்தல் நிறைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நம்பர். 20ஆம் நம்பரில் ஓர் இறாத்தலுக்கு 20 × 840 = 16,800 யார் நூல் வரும். 40ஆம் நம்பரில் 33,600 யார் வரும். நாற்பதாம் நம்பர் இழை இரண்டை ஒன்றாக முறுக்கினால் தடிப்பு இருபதாம் நம்பருக்குச் சமம்.

பின்னல் நூல் உருண்டையின் சீட்டில் நிறையும் நீளமும் போட்டிருக்கும். 50 கிராம் உருண்டை ஒன்றில் 100 மீற்றர் இருக்கலாம், இன்னொன்றில் 200 மீற்றர் இருக்கலாம். விலையை உருண்டைக்கு உருண்டை ஒப்பிடாமல் மீற்றருக்கு மீற்றர் ஒப்பிடுங்கள்.

கேள்வி 3: நிறை சரியா?

கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கென்று கழிப்பது நமக்குப் புதிதல்ல. நூலும் அப்படித்தான். உலர்ந்த பஞ்சு நூலே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். 100 கிராம் காய்ந்த பஞ்சுக்கு எட்டரைக் கிராம் ஈரம் என்பது நூல் வியாபாரத்தில் ஒப்புக்கொண்ட அளவு. அதற்கு மேலே உள்ள ஈரத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? நிறுத்து விற்கிற நூலைக் கையால் அழுத்திப் பாருங்கள். சில்லென்று பிசுபிசுத்தால் வேறு கட்டு கேளுங்கள். கொழுந்துத் தராசைப் பார்க்கிற அதே கண் இங்கேயும் வேணும்.

கேள்வி 4: சாயம் நிற்குமா? ஒரே சாயமா?

நனைத்த வெள்ளைத் துணியால் நூலைத் தேயுங்கள். நிறம் ஒட்டினால் அந்தச் சாயம் கழுவும்போதும் போகும். அடுத்தது, ஒரே சிவப்பானாலும் ஒரு தொட்டியில் தோய்த்ததும் மறு தொட்டியில் தோய்த்ததும் ஒன்றுபோல் இராது. சீட்டில் சாய இலக்கம் இருக்கும். ஓர் உடுப்புக்குத் தேவையான நூல் முழுவதையும் ஒரே இலக்கத்தில் ஒரே தடவையில் வாங்குங்கள். சீட்டை எறியாதீர்கள்.

இப்போது கணக்கு

கைத்தறியில் இரண்டு வழி உண்டு. முதலாளியின் நூலை வாங்கி நெய்தால் கூலி மட்டும் கிடைக்கும், நட்டம் நம் தலையில் விழாது. சொந்த நூலில் நெய்தால் இலாபமும் நமக்கு, நட்டமும் நமக்கு. பின்னலுக்கும் இதே கதைதான். சொந்தக் காசு போடுமுன் கணக்குப் பாருங்கள். விலை ஊருக்கு ஊர் மாறும். பழகுவதற்காக ஓர் உருண்டை 400 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

சிறுபிள்ளைச் சுவெட்டர்: 4 உருண்டை 1,600 ரூபா, பொத்தான் 100 ரூபா, மொத்தம் 1,700. விற்ற விலை 3,000. மிச்சம் 1,300. பின்ன எடுத்த நேரம் 26 மணித்தியாலம். மணிக்கு 50 ரூபா.

கைக்குழந்தைத் தொப்பி: 1 உருண்டை 400 ரூபா. விற்ற விலை 800. மிச்சம் 400. நேரம் 4 மணித்தியாலம். மணிக்கு 100 ரூபா.

பார்த்தீர்களா? கையில் 1,300 வந்தது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் உழைத்த நேரத்துக்குத் தொப்பிதான் இரட்டிப்பாகக் கொடுக்கிறது. நம் நேரத்துக்கு நாமே விலை போடாவிட்டால் வேறு யாரும் போட மாட்டார்கள். இதில் பஸ் காசு சேரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். நாலு பேருக்குத் தேவையான நூலை ஒருவர் போய் வாங்கி வந்தால் அந்தச் செலவு நாலாகப் பிரியும்.

ஆகவே பின்னலை நம்பிக் கொழுந்து வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. கடன் எடுத்து நூல் வாங்கவும் வேண்டாம். முதலில் ஓர் உருண்டை, ஒரு தொப்பி. அதை உங்கள் பிள்ளைக்கே போடுங்கள். நூலுக்குக் கொடுத்த காசையும் கடையில் ஒரு தொப்பி விற்கிற விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கை பழகிய பிறகு விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டுப் பயிற்சி

1. 30ஆம் நம்பர் பஞ்சு நூல் ஓர் இறாத்தலில் எத்தனை யார் நூல் இருக்கும்?

2. 50 கிராம் உருண்டை இரண்டு. ஒன்று 300 ரூபா, 100 மீற்றர். மற்றது 450 ரூபா, 200 மீற்றர். எது மலிவு?

3. வீட்டில் கிடக்கும் பழைய சுவெட்டரிலிருந்து ஒரு நூலை உருவி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, நெருப்பில் காட்டி அது என்ன நூல் என்று எழுதுங்கள்.

விடை: 1. 25,200 யார். 2. இரண்டாவது. முதலாவது மீற்றருக்கு 3 ரூபா, இரண்டாவது 2 ரூபா 25 சதம்.